வாசலக்காவும் நாலு மணியும்

நடனக் கிளப்பின் வாசலில் நின்று, உள்ளே வருகிறவர்களை ஒரு பார்வை பார்த்து அனுப்புவதும், வெளியே போகிறவர்களைப் பத்திரமாகத் தெருவில் சேர்ப்பதும் வாசலக்காவின் வேலை. மற்ற கிளப்புகளில் இதற்குக் கறுப்புச் சட்டை போட்ட, கழுத்தே இல்லாத ஆண்களை வைத்திருப்பார்கள். இங்கே இவள். சும்மா சொல்லக்கூடாது, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்புதான். ஆனால் அந்த உடம்பை அவள் இதுவரை யார்மேலும் காட்டியதில்லை. குரல் இருக்கும்போது உடம்பு எதற்கு?

அந்தக் குரல் பஸ்ஸில் வளர்ந்த குரல். முன்பு அவள் கண்டக்டராக இருந்தாள். “உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல மைதானம் மாதிரி கிடக்கு” என்று பின்படியில் நின்று ஒரு சத்தம் போட்டால் டிரைவரே கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருவார் என்று டெப்போவில் கேலி பேசுவார்கள். பிறகு பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க மெஷின் வந்தது, கண்டக்டர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் உட்கார்ந்தவளுக்குச் சும்மா இருப்பது ஒத்துக்கொள்ளவில்லை. அக்காவின் சலவைக் கடையில் போய் மதியம் முழுக்க இஸ்திரி போட்டாள். அப்போதும் வாய் நமநமத்தது.

அந்தச் சமயத்தில்தான் கிளப் முதலாளி அவளைத் தேடிக்கொண்டு சலவைக் கடைக்கு வந்தான். காலேஜ் நாட்களில் அவள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவன். குடித்துவிட்டு ரகளை செய்த ஓர் ஆளை அவள் கையால் தொடாமல், பேசியே பஸ்ஸைவிட்டு இறக்கிவிட்டதைப் பார்த்தவன்.

“அக்கா, நம்ம கிளப்புக்கு ஒரு ஆள் வேணும்.”

“எனக்கு ஆட வராதுப்பா.”

“ஆட வேணாம்க்கா. நின்னா போதும்.”

அப்படித்தான் அவள் நிற்க ஆரம்பித்தாள். மதியம் சலவைக் கடை, இரவு கிளப் வாசல். வந்த மாதமே வாசலக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தள்ளாடிக்கொண்டு வெளியே வரும் பையனைத் தோளைப் பிடித்து நிறுத்தி, “தம்பி, ஒரு செருப்புதான் காலில் இருக்கு. இன்னொண்ணை எடுத்துட்டு வா. ஒத்தச் செருப்போட போனா உங்கம்மா என்னைத்தான் திட்டுவாங்க” என்பாள். பெண்பிள்ளைகள் டாக்ஸி ஏறும்வரை கண்ணெடுக்க மாட்டாள். “போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை அனுப்பு” என்று கண்டிப்பாகச் சொல்வாள். அவள் போன் முழுக்க ‘போயாச்சு அக்கா’ என்ற ஒரே செய்திதான் வரிசையாக நிற்கும்.

அவள் புருஷன் பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. மாவு பிசைகிற மெஷின் பக்கத்திலேயே ஆயுசில் பாதியைக் கழித்ததில் காது கொஞ்சம் மந்தம். அதனால் வீட்டிலும் அவள் குரலுக்கு ஓய்வில்லை. “டீ வேணுமா?” என்று அவரைக் கேட்டால் மாடியில் இருக்கிறவர்களுக்கும் டீ ஆசை வந்துவிடும்.

இரண்டு பேருக்கும் வேலை நேரம் எதிரும் புதிருமாக வாய்த்திருந்தது. கிளப் இரண்டு மணிக்கு மூடும். அவள் வீட்டுக்கு வந்து சேரும்போது அவர் குளித்துவிட்டுச் சட்டை மாட்டிக்கொண்டிருப்பார். மூன்று மணிக்கு அவர் பேக்கரியில் இருந்தாக வேண்டும். அவர் திரும்பும்போது அவள் சலவைக் கடையில் இருப்பாள். அவள் அங்கிருந்து கிளப்புக்குப் போகும்போது அவர் போர்வைக்குள் இருப்பார். ஆக, அவர்களுடைய குடும்ப வாழ்க்கை என்பது அவர் கிளம்புவதற்கு முந்திய அரை மணி நேரம்தான். அடுப்பங்கரை மேடையில் சாய்ந்தபடி அவள் அன்றைய வாசல் கதையைச் சொல்வாள். அவர் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரிப்பார். சண்டை போட்டதும் அந்த அரை மணியில்தான், சமாதானம் ஆனதும் அதிலேயேதான். மகளுக்கு மாப்பிள்ளையை முடிவு செய்ததுகூட அப்படித்தான். மேடையில் மாப்பிள்ளையின் போட்டோ, கையில் டீ கிளாஸ், அவர் ஒரு கால் வாசலில்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஒருநாள் நகரசபை கையை வைத்தது. கிளப்புகளை இனி நாலு மணி வரை திறந்து வைக்க அனுமதிக்கலாமா என்று ஆலோசிக்கிறார்களாம். பொதுமக்கள் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் போடப்போகிறார்களாம்.

கிளப் முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. “அக்கா, கூட்டத்துல நீ பேசணும். நாங்க பேசினா வியாபாரத்துக்குப் பேசறான்னு சொல்லுவாங்க. நீ பேசினா எடுபடும்.”

அவளுக்கும் மனசுக்குள் அந்த நியாயம் பட்டுத்தான் இருந்தது. அந்தத் தெருவில் வரிசையாக நாலைந்து கிளப்புகள். இரண்டு மணி அடித்ததும் எல்லாக் கதவும் ஒன்றாக மூடும். உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வருவார்கள். அந்த நேரத்தில் பஸ் கிடையாது, இருக்கிற டாக்ஸிக்கு அடிதடி. உள்ளே கட்டிப்பிடித்து ஆடியவர்களே வெளியே டாக்ஸிக் கதவுக்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்வதை அவள் தினம் பார்க்கிறாள். கால் வலிக்கிறவன் முன்னாலேயே போகட்டும், வலிக்காதவன் பின்னால் வரட்டும், ஆளாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தால் தெரு தாங்கும் என்பது அவள் கட்சி.

“யோசிச்சுச் சொல்றேன் தம்பி” என்றாள்.

மறுநாள் சலவைக் கடைக்கு டீச்சர் வந்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளப்புக்கு எதிர்க் கட்டடத்தில் குடியிருக்கிறார். டாக்ஸி நிற்கும் இடத்துக்கு நேர் மேலே அவருடைய படுக்கையறை ஜன்னல். ஒரு கையில் இஸ்திரிக்குப் போர்வைகள், மறு கையில் நாலு மணி கூடாது என்று தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்ட காகிதம்.

“ஏம்மா, நீயும் ஒரு கையெழுத்துப் போடு. நான் போட்டா, கிழவிக்குத் தூக்கம் வரலன்னு தள்ளிவிட்டுடுவாங்க. வாசல்லயே நிக்கிறவ நீ. நீ போட்டா எடுபடும்.”

இரண்டு தரப்பும் ஒரே வார்த்தையைச் சொன்னதில் வாசலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, “யோசிச்சுச் சொல்றேன் டீச்சர்” என்றாள் அவரிடமும்.

அன்று இரவு வேலை முடிந்து வந்து, டீயை ஆற்றிக்கொண்டே புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் பாதி கேட்டு, பாதி அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

“நாலு மணின்னா நான் வீட்டுல இருக்கமாட்டேனே” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கிளாஸைக் கழுவி வைத்தார். வைத்ததையே திரும்ப எடுத்து இன்னொரு தடவை கழுவினார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் தன் டீ கிளாஸை மேடையில் வைத்தாள். தெருவைப் பற்றி யோசித்தாயிற்று, டாக்ஸியைப் பற்றி யோசித்தாயிற்று, டீச்சர் தூக்கத்தைப் பற்றிக்கூட யோசித்தாயிற்று. சொந்த அடுப்பங்கரையைப் பற்றி யோசிக்கவில்லையே என்று சுருக்கென்றது. நாலு மணிக்குக் கிளப் மூடினால், இவள் வீட்டுக்கு வரும்போது அவர் பேக்கரியில் ரொட்டி இறக்கிக்கொண்டிருப்பார். பிறகு இரண்டு பேரும் பேச வேண்டுமென்றால் சீட்டு எழுதித்தான் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

சரி, கையெழுத்தைப் போட்டுவிடுவோம் என்று மறுநாள் மதியம் டீச்சர் வீட்டுப் படியேறினாள்.

டீச்சர் அவளைப் படுக்கையறைக்கே அழைத்துப் போனார். கட்டில், ஒரு மேஜை விளக்கு, இரண்டு திரை போட்ட ஜன்னல். ஜன்னலைத் திறந்து காட்டினார். கீழே டாக்ஸி ஸ்டாண்ட், அதற்குச் சற்றுத் தள்ளிக் கிளப் கதவு, இரண்டும் உள்ளங்கையில் வைத்ததுபோலத் தெரிந்தன.

“பாட்டுச் சத்தம் ரொம்ப வருதோ டீச்சர்?”

“பாட்டா? அது தரைக்குக் கீழ இருக்கற தளத்துலதானே நடக்குது. சுவர்ல காதை வச்சாத்தான் கேக்கும்.”

“அப்ப பசங்க கத்தறதா?”

டீச்சர் ஜன்னலைச் சாத்தினார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வேறொரு குரலில் பேசினார்.

“‘தம்பி, ஒரு செருப்புதான் காலில் இருக்கு! இன்னொண்ணை எடுத்துட்டு வா!’”

வாசலக்காவுக்கு முதலில் பிடிபடவில்லை.

“‘ஏ பச்சைச் சட்டை, அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லிடுச்சில்ல, நீ இந்தப் பக்கம் வா!’ இது போன வாரம். ‘நாலு பேர் ஏறு, அஞ்சாவது ஆள் மடியில உக்காராத, வண்டி உங்கப்பன் வீட்டு ஊஞ்சலா!’ இது முந்தாநாள்.” ஏற்ற இறக்கம், மூச்சு விடுகிற இடம், எல்லாம் அச்சு அசல். இத்தனை வருஷம் வகுப்பறையில் சத்தம் போட்ட தொண்டை, இதற்கும் வஞ்சனை வைக்கவில்லை.

“டீச்சர்,” என்றாள் வாசலக்கா, “இது நான்தானே?”

“நீதாம்மா. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இத்தனை நாளா முழுங்கிட்டிருந்தேன். பசங்க கத்தறது கலவையா ஒரு இரைச்சல், அதுல தூங்கிடலாம். நீ பேசறது ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா கேக்குது. கேட்டா, அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது.”

வாசலக்கா கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது. பிறகு டீச்சரைப் பார்த்தாள், டீச்சர் அவளைப் பார்த்தார். முதலில் யார் சிரித்தார்கள் என்று இரண்டு பேருக்கும் இன்றுவரை தெரியாது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

“அந்தப் பச்சைச் சட்டை என்ன ஆனான்?” என்று சிரிப்பு ஓய்ந்ததும் டீச்சர் கேட்டார்.

“வாந்தி எடுத்துட்டு, மன்னிப்புக் கேட்டுட்டு, நடந்தே வீட்டுக்குப் போனான்.”

“நல்லதாப் போச்சு” என்றார் டீச்சர், பல நாள் பாரம் இறங்கியதுபோல. கையெழுத்துக் காகிதத்தை இரண்டு பேருமே மறந்துபோனார்கள்.

கூட்டம் நகரசபை மண்டபத்தில், மதிய வேளையில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், மெதுவாகச் சுற்றும் மின்விசிறிகள், தொட்டாலே வீலென்று கத்தும் மைக். மேடையில் நகரசபைத் தலைவி ஜலதோஷத்தோடு, கைக்குட்டையும் வெந்நீர் டம்ளருமாக உட்கார்ந்திருந்தார். கிளப் முதலாளி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, இளைஞர்கள், வேலைவாய்ப்பு, மற்ற நகரங்கள் என்று வெளுத்து வாங்கினான். டீச்சர் எழுந்து, தூக்கம் என்பது ஆடம்பரம் அல்ல, காலையில் வேலைக்குப் போகிறவர்களின் மூலதனம் என்றார். பாதி மண்டபம் கை தட்டியது. ஒரு டாக்ஸி டிரைவர் வந்தார். “எந்நேரத்துக்கு வேணாலும் மூடுங்க. எல்லாரையும் ஒண்ணா மட்டும் அனுப்பாதீங்க. ஒரு வண்டிக்கு ஊரே கை காட்டினா நான் யாரைன்னு ஏத்தறது?” என்று சொல்லிவிட்டு, வெளியே வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தியிருப்பதாக ஓடினார்.

அடுத்து வாசலக்கா. மைக் முன்னால் நின்று வணக்கம் சொன்னாள். சொன்ன வேகத்தில் மைக்செட்காரர் ஓடிவந்து சத்தத்தைக் குறைத்தார். பிறகு யோசித்து, மைக்கையே அணைத்துவிட்டுப் போனார்.

“அம்மா, நான் ஒளிக்காம சொல்லிடறேன்” என்றாள் தலைவியைப் பார்த்து. “ரெண்டு மணிக்கு எல்லாக் கதவும் ஒண்ணா மூடறதாலதான் தெருவுல அடிதடி. கொஞ்சம் நீட்டி விட்டா, அவங்கவங்க தன்னால கலைஞ்சு போவாங்க. இது ஒண்ணு. டீச்சருக்குத் தூக்கம் போறது நிஜம். ஆனா தூக்கத்தைக் கெடுக்கறது பாட்டு இல்ல. நான்தான். என் குரல்தான். இது ரெண்டு.”

மண்டபத்தில் சலசலப்பு. கிளப் முதலாளி நெற்றியில் கை வைத்துக்கொண்டான்.

“மூணாவது, எங்க வீட்டுக்காரர் மூணு மணிக்கு வேலைக்குப் போறவர். நான் ரெண்டேகாலுக்கு வந்தா, ரெண்டு பேரும் ஒரு டீ குடிப்போம். நாங்க முகம் பார்த்துப் பேசறதே அப்பதான். நாலு மணி ஆக்கினீங்கன்னா அதுவும் போயிடும். ஊருக்கு நல்லதுன்னா சரிதான், ஆனா எனக்கு மனசு வரமாட்டேங்குது.”

தலைவி கைக்குட்டையை இறக்கினார். “அப்ப நீங்க ஆதரவா, எதிர்ப்பா?”

“அதைத்தாம்மா நானும் பஸ்ல வரும்போது யோசிச்சிட்டே வந்தேன்.”

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே கடைசி வரிசையில் ஓர் ஆள் திடுக்கிட்டு எழுந்து நின்றார். சட்டைக் கையில் மாவு. வாசலக்காவின் புருஷன்.

“என்னங்க, நீங்க எப்ப வந்தீங்க? தூங்கலையா?” என்று அவள் இங்கிருந்தே கேட்டாள்.

“தூங்கிட்டுதான் இருந்தேன். உன் குரல்ல முழிச்சிட்டேன்.”

டீச்சர்தான் எல்லோருக்கும் முன்னால் சிரித்தார். மண்டபம் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பேச ஏதாவது உண்டா என்று தலைவி அவரைக் கேட்டார். அவர் சின்னக் குரலில் பேசியதால் எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்து கேட்டார்கள்.

“எங்க பேக்கரி முதலாளி அனுப்பிச்சாரு. நாலு மணிக்கு ரொட்டி அடுப்பைவிட்டு வெளிய வருது. அப்ப தெருவுல ஆள் இருந்தா, முன்கதவைத் திறந்து சூடா வித்துடலாம், அதனால நாலு மணி நல்லதுன்னு சொல்லச் சொன்னாரு.” நிறுத்தினார். காதைத் தேய்த்துக்கொண்டார். “முதலாளி சொன்னது அவ்வளவுதான். நான் சொல்றது என்னன்னா, இவ நாலு மணிக்கு முடிச்சுட்டு நேரா அங்கயே வரட்டும். டீயை நான் போட்டு வைக்கிறேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வாசலக்கா அணைந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். பஸ்ஸில் ஏறாதவன் டிக்கெட் கேட்டதுபோல விழித்தாள் என்று கிளப் முதலாளி பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சில வாரம் கழித்து முடிவு வந்தது. வாரக் கடைசி இரண்டு இரவுகள் மட்டும் நாலு மணி வரை திறக்கலாம். இரண்டு மணிக்குமேல் புதிதாக யாரையும் உள்ளே விடக்கூடாது. மற்ற நாட்களில் பழையபடி. கொஞ்ச மாதம் பார்த்துவிட்டுப் பிறகு மேற்கொண்டு பேசலாம். டாக்ஸி ஸ்டாண்டைத் தெருமுனைக்கு, பேக்கரி பக்கம் மாற்ற வேண்டும் என்று டீச்சர் தனியாக மனுக் கொடுத்து, அதையும் வாங்கிக்கொண்டார். எல்லா நாளும் கிடைக்கும் என்று நம்பியிருந்த கிளப் முதலாளி, “இது என்ன அரை வேக்காடு?” என்று முணுமுணுத்தான். “முழுசா வெந்தது வேணும்னா பேக்கரிக்குப் போ” என்றாள் வாசலக்கா.

அவளுக்கு இருந்த கஷ்டம் வேறு. மெல்லப் பேசிப் பழக வேண்டும். வீட்டில் பழகிப் பார்த்தாள், புருஷன் மூன்று தடவை “ஆங்?” என்றதும் பொறுமை போய்விட்டது. சலவைக் கடையில் பழகினாள். வழக்கமாகக் கத்துகிற இவள் திடீரென்று கிசுகிசுக்கவும், தன்னைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறாள் என்று அக்காவுக்குக் கோபம் வந்தது.

ஆனால் முதல் நாலு மணி இரவில் எதிர்பாராத ஒன்று நடந்தது. அவள் வாசலில் நின்று, “பார்த்துப் போங்க” என்று காற்றோடு காற்றாகச் சொன்னாள். வெளியே வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். “அக்காவுக்குத் தொண்டை போயிடுச்சுடா” என்று ஒருவன் அடுத்தவனிடம் மெல்லச் சொன்னான். அவனும் மெல்ல, “ஐயோ பாவம்” என்றான். ஒரு பெண் பையில் துழாவி இருமல் மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள். மெதுவாகப் பேசுகிறவளிடம் யாருக்கும் கத்திப் பதில் சொல்லத் தோன்றவில்லை. இரண்டு மணிக்குச் சிலர், மூன்று மணிக்குச் சிலர், கடைசியில் மிச்சம் இருந்தவர்கள் என்று கூட்டமும் பிரிந்து பிரிந்துதான் போனது. ஏதோ ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போகிறவர்கள்போல நுனிக்காலில் போனார்கள்.

அவள் மறுக்கவில்லை. தொண்டை சரியாகாமலே பார்த்துக்கொண்டாள்.

எல்லாம் சுகம் என்று சொல்ல முடியாது. மற்ற நாட்களில் இரண்டு மணி நெரிசல் அப்படியேதான் இருக்கிறது. கூடுதல் நேரம் நின்று அவள் முழங்கால் பிடித்துக்கொண்டது. முதலாளியிடம் சண்டை போட்டு ஓர் உயரமான ஸ்டூல் வாங்கிக்கொண்டாள். டீச்சரோ முதல் வாரம் பழக்க தோஷத்தில் இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, வாசலக்காவின் குரலே கேட்காததைக் கண்டு பயந்துபோனாராம். இப்போது அசந்து தூங்குகிறார். ஆனால் யார் யாரோடு சண்டை, எந்தப் பையன் எந்தப் பெண்ணிடம் அழுதான் என்பது தெரியாமல் போகவே, சலவைக்குத் துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மதியம் கடைக்கு வந்துவிடுகிறார்.

வாரக் கடைசியில் வேலை முடிந்ததும் வாசலக்கா தெருமுனைக்கு நடப்பாள். பேக்கரி முன்கதவு திறந்திருக்கும். டாக்ஸிக்குக் காத்திருக்கிறவர்கள் கையில் ஆளுக்கொரு சூடான பன். வாய் நிறைய இருப்பதால் யாருக்கும் வம்புக்குப் போக நேரமில்லை. அவள் பின்பக்கமாக உள்ளே போவாள். மாவு மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் இரண்டு கிளாஸ் டீயை மூடி வைத்திருப்பார் அவர். மெஷின் ஓடுகிற சத்தத்தில் அங்கே கத்தினால்தான் கேட்கும். அவளுக்கு அது வசதியாகப் போயிற்று. இரவெல்லாம் அடக்கி வைத்திருந்த குரலை அவிழ்த்துவிட்டு, அன்றைய கதையைச் சொல்வாள். மற்ற ரொட்டிக்காரர்களும் கை வேலையை நிறுத்தாமல் கேட்பார்கள். பேக்கரி முதலாளி மட்டும், “அம்மா, உங்க சத்தத்துல மாவு பொங்கறதுக்கு முன்னாடியே அமுங்கிடப் போவுது” என்பார்.

ஒருநாள் அப்படிக் கதை பேசிவிட்டு, காகிதத்தில் சுற்றிய ரொட்டியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. தெருவில் துப்புரவுப் பெண் மட்டும் பெருக்கிக்கொண்டிருந்தாள். மேலே டீச்சர் அதற்குள் எழுந்து, ஜன்னலோரச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாசலக்கா ரொட்டியை உயர்த்திக் காட்டினாள். டீச்சர் ஒரு நிமிஷம் இரு என்று கை காட்டி, உள்ளே போய், துணிப்பை ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார். ரொட்டியில் பாதியைப் பிய்த்துப் பையில் போட்டாள். பை மெல்ல மெல்ல ஆடிக்கொண்டே மேலே போனது. மிச்சத்தை நடந்தபடியே தின்றுகொண்டு வீட்டுக்குப் போய், மதியம் வரை அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள்.